பல்லில் கடித்த கொடி

அரைக்கோட்டை என்றொரு நாடு இருந்தது. இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தவர் இல்லை. போய்ப் பார்க்கும் அளவுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு ராஜா கோட்டை கட்ட ஆரம்பித்து, மூன்று பக்கம் மதில் எழும்பியதும் அலுத்துப்போய் விட்டுவிட்டார். நான்காவது பக்கத்தில் ஆடு மேயும். முறுக்கு விற்பவள், தயிர்க்காரி, சிப்பாய்களின் மாமியார்கள் எல்லாரும் அந்தப் பக்கமாகத்தான் கோட்டைக்குள் போய்வருவார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய வாசல் இருந்தது. அதற்கு இரும்புக் கதவு, பூட்டு, காவல் எல்லாம் உண்டு.

அந்த நாட்டைத் தளபதி ரணகண்டர் பிடித்தது ஒரு சாயங்கால வேளையில். கோட்டைக் கொடியை அன்றைக்கு இறக்கியாகிவிட்டது. கிழட்டு ராஜா எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். "இனி நான்தான் எல்லாம்" என்று தளபதி முற்றத்தில் நின்று சொன்னார். மறுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் படை அதைக் கேட்டுக்கொண்டது. ராஜா தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கையில் துண்டு மட்டும் இருந்தது, நாடு இல்லை.

தான் செய்ததை வேறு எவனாவது தனக்குச் செய்துவிடுவானோ என்று ரணகண்டருக்குப் பயம் வந்தது. அதனால் முதல் வேலையாக ஒரு சட்டம் போட்டார். கோட்டையில் கொடி பறக்கும்போது இடும் கட்டளை மட்டும்தான் கட்டளை. கொடி இறங்கிவிட்டால் யார் என்ன சொன்னாலும் ஒருவரும் அசையக் கூடாது. காலையில் கொடி ஏறும், பொழுது சாய இறங்கும். அவருடைய சிப்பாய்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அதற்கு மேல் யோசிக்கிற கெட்ட பழக்கம் அவர்களுக்கு இல்லை.

வெற்றிலை வியாபாரி பூவலிங்கத்துக்கு அரசியல் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெற்றிலை, வீட்டுச்சாப்பாடு, மச்சினன் மாசானமுத்து. இந்த மாசானமுத்து ஒரு நாள் படை அணிவகுப்பைப் பார்க்கப் போனான். ரணகண்டரின் மீசையில் ஒரு பக்கம் வானத்தைப் பார்க்கும், மறு பக்கம் பூமியைப் பார்க்கும். ஊரே அதைப் பார்க்காதது மாதிரி நின்றது. மாசானமுத்து மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கும்வரை சிறையில் வைக்கச் சொன்னார் தளபதி. அவரே தினமும் போய் அடங்கிவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். மீசையோடுதான் எட்டிப் பார்த்தார். எப்படி அடங்கும்?

கடைசியில் பொறுமை போய், "அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குள்ள இவன் சிரிப்பு நிக்கலைன்னா, கொடையன்னைக்குக் காலையில கொடி ஏறினதும் சிரிக்கிற தலையை எடுத்துரு" என்று கட்டளை போட்டுவிட்டார்.

பூவலிங்கத்தின் மனைவி செண்பகவடிவு அன்றைக்கே அடுப்பை அணைத்தாள்.

"எந்தம்பி தலை போவப்போவுது. உமக்கு இங்க சோறு ஒரு கேடா? அவனக் கூட்டிக்கிட்டு வாரும், அப்புறம் அடுப்பு எரியும்."

பூவலிங்கத்துக்குப் பசி ஒரு பக்கம். ஆனால் அவர் கடையில் உட்கார்ந்து சொல்லும் அரதப்பழசான கதைகளுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்க உலகத்திலேயே ஒருத்தன்தான் இருந்தான். அவனில்லாமல் வெற்றிலைகூட வாடிப்போய்க் கிடந்தது. கலகக்காரர்களோடு சேர்வது என்று முடிவு செய்து புளியந்தோப்புக்குப் போனார்.

அங்கே இரண்டு இயக்கங்கள் இருந்தன. கிழக்குப் புளியமரத்தடியில் ஆதிமூலம் தலைமையில் மீட்புக் கூட்டம். மேற்குப் புளியமரத்தடியில் இசக்கிமுத்து தலைமையில் உண்மையான மீட்புக் கூட்டம். ஒன்றாக இருந்து பிரிந்தவர்கள்தான். கோட்டையைப் பிடித்து உள்ளே நுழையும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்பதில் மனக்கசப்பு வந்துவிட்டது. வலது கால் என்றார் ஆதிமூலம். இடது கால் என்றார் இசக்கிமுத்து. கோட்டையை வாசல் வழியாகத்தான் பிடிக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. ஆடு மேய்கிற பக்கமாகப் போய்ப் பிடித்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

"எந்தக் கூட்டத்துலயாவது சேத்துக்கிடுங்க வே. எம் மச்சினன் தலை போவப்போவுது" என்றார் பூவலிங்கம்.

"அவசரப்படாதீரும்" என்றார் ஆதிமூலம். "மொதல்ல கால். அப்புறந்தான் தலை."

இந்தச் சமயத்தில் வடக்கே பெருவள நாட்டு ராஜாவுக்கு அரைக்கோட்டை மக்கள்மீது திடீரென்று பாசம் பொங்கியது. அரைக்கோட்டையில் நல்ல உப்பளம் இருந்தது. பாசத்துக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை என்று அவரே யாரும் கேட்காமல் சொன்னார். அவருடைய தூதர் கிழக்குப் புளியமரத்தடிக்கு வந்து யோசனை சொன்னார்.

"கோட்டையில் கொடி எப்போது இறங்குகிறதோ அப்போதே ஆட்சி விழுந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். உடனே போய்ச் சிறையைத் திறந்துவிடுங்கள்."

அன்று சாயங்காலமே கொடி இறங்கியது. அதற்கு முன்னாலும் தினம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கால் விவகாரத்தில் எல்லாரும் குனிந்தே இருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை.

"பாத்தீரா வே பெருவள நாட்டுச் சக்தியை? காலையில சொன்னாரு, சாயங்காலம் இறங்கிட்டு!" என்று ஆதிமூலம் கண் கலங்கினார். வேட்டு போட்டார்கள். மாலை மாற்றிக்கொண்டார்கள். பூவலிங்கம் எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய் வாசற்கதவைத் தட்டினார். காவல்காரன் சங்கிலிமாடன் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"ஆட்சி விழுந்துட்டு வே. கதவைத் தொறயும்."

"விழுந்துட்டா? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

"கொடி இறங்கியாச்சுல்லா?"

சங்கிலிமாடன் திரும்பிப் பார்த்தான். "ஆமா, இறங்கித்தான் இருக்கு. அப்ப விழுந்துதான் போச்சு. ஆனா கதவு தொறக்கக் கட்டளை வேணும். கொடி பறந்தாத்தான் கட்டளை. விடிஞ்சு வாரும்."

நியாயமாகத்தான் பட்டது. விடிந்து போனார்கள். கொடி பறந்துகொண்டிருந்தது.

"மறுபடியும் ஆட்சியைப் பிடிச்சிட்டானே பாவி!" என்று ஆதிமூலம் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று முதல் அரைக்கோட்டையில் சர்வாதிகாரம் தினமும் சாயங்காலம் ஒழிந்து, தினமும் காலையில் திரும்பி வந்தது. ஒவ்வொரு வெற்றிக்கும் பெருவள நாடு ஒரு மூட்டை அரிசி அனுப்பியது. கிழக்குப் புளியமரத்தடியில் எல்லாருக்கும் தொந்தி போட்டது. தினம் ஜெயிக்கிற போராட்டத்தை முடித்துவைக்க யாருக்குத்தான் மனசு வரும்? பூவலிங்கத்துக்கு மட்டும் அந்தச் சோறு இறங்கவில்லை. கொடை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மேற்குப் புளியமரத்தடிக்கு மாறினார்.

பெருவள நாடு ஒரு கூட்டத்துக்கு உதவினால் கடலுக்கு அப்பால் இருக்கும் தீவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கும் உப்பு பிடிக்கும். இசக்கிமுத்துவின் கூட்டத்துக்கு ஒரு பீரங்கியும் ஒரு வண்டி குண்டும் கொண்டுவந்து இறக்கினார்கள். கப்பல் தலைவர் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்: குழாய்க்குள் தூசி தும்பு போகக் கூடாது, சுடும்போது பின்னால் துள்ளும், ஆகையால் உறுதியான கயிறாகப் பார்த்து மரத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும்.

பூவலிங்கம் ஆசையோடு ஒரு குண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். இசக்கிமுத்து பாய்ந்து வந்து தடுத்தார்.

"என்ன காரியம் செய்யப் பாத்தீரு! தூசியே போவக் கூடாதுன்னு அந்த மனுசன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. இம்புட்டுப் பெரிய குண்டை உள்ள விடுதீரே!"

பூவலிங்கம் வெட்கப்பட்டுக் குண்டைக் கீழே வைத்தார். பீரங்கியின் வாய்க்கு ஒரு நல்ல வெள்ளைத் துணியைப் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். குண்டுகளைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள்.

கயிறுதான் கிடைக்கவில்லை. கடைத்தெருவில் இருந்ததெல்லாம் ஆடு கட்டுகிற கயிறு. கொடைக்கு முந்தின சாயங்காலம். "கயிறு இல்லாம போராட்டம் நின்னுபோச்சே" என்று இசக்கிமுத்து பெருமூச்சு விட்டார். அப்போதுதான் பூவலிங்கத்துக்கு மூளை வேலை செய்தது. நாட்டிலேயே உறுதியான கயிறு கோட்டைக் கொடிக்கம்பத்தில்தான் இருக்கிறது. அவர் வெற்றிலைக்கூடையை எடுத்துக்கொண்டு, முறுக்குக்காரியின் பின்னால், ஆடு மேய்கிற பக்கமாக உள்ளே போனார். கொடியை இறக்கி மடித்து வைத்திருந்தார்கள். கம்பத்திலிருந்து கயிற்றை உருவிக் கூடையில் சுருட்டினார். சிப்பாய்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தடுக்கச் சொல்லிக் கட்டளை இல்லை.

பக்கத்திலேயே சிறை. கம்பிக்குப் பின்னால் மாசானமுத்து உட்கார்ந்திருந்தான்.

"பயப்படாதல" என்றார் பூவலிங்கம். "நாளைக்கு உன்ன மீட்டுருவோம். பீரங்கியக் கட்டக் கயிறு கெடச்சிட்டு."

மாசானமுத்து ஒரு கணம் அத்தானைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் கொடை. கொட்டு முழங்க ஊரே ஆட்டுப்பக்கத்தில் வந்து கூடிவிட்டது. மாசானமுத்துவை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெட்டுகிறவன் அரிவாளோடு கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பீரங்கியை இறுக்கிக் கட்டியாகிவிட்டதே, இன்னும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று பூவலிங்கத்துக்கு விளங்கவில்லை.

"கொடியை ஏத்துல!" என்றார் ரணகண்டர்.

"கயித்தைக் காணோம் ஐயா" என்றான் சிப்பாய்.

"அப்ப கயிறு கொண்டுவா!"

"அது கட்டளைல்லா ஐயா. கொடி பறக்கலியே."

ரணகண்டரின் மீசை இரண்டு பக்கமும் கீழே இறங்கியது. அவர் தம் வாழ்நாளில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"சரிப்பா, கட்டளையில்ல. தயவுசெஞ்சு கேக்கேன். ஒரு கயிறு எடுத்துட்டு வா."

"தயவா கேட்டா முடியாதுன்னு சொல்லலாமா ஐயா?"

"சொல்லலாம்..."

"அப்ப முடியாது ஐயா."

தளபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். கொடியைப் பல்லில் கடித்துக்கொண்டு தாமே கம்பத்தில் ஏறினார். ஏறியும்விட்டார், அந்த மட்டுக்கும் பாராட்ட வேண்டும். இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். காற்றில் கொடி படபடவென்று பறந்தது. படை முழுவதும் விறைத்து நின்று சலாம் வைத்தது. வெட்டுகிறவன் அரிவாளை ஓங்கிக்கொண்டு கட்டளைக்காக அண்ணாந்து பார்த்தான். பூவலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெட்டு!" என்றார் ரணகண்டர்.

வாயைத் திறந்ததும் கொடி விழுந்துவிட்டது. வெட்டுகிறவன் அரிவாளை இறக்கினான். ரணகண்டர் இறங்கி வந்து, கொடியைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறினார். மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி விழுந்தது. வாயைத் திறக்காமல் "ம்ம்ம்" என்று உறுமிப் பார்த்தார். "என்ன சொல்லுதாருன்னு வெளங்கலியே" என்று படை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது. பொழுது சாய்கிறவரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். கடைசியில் உள்ளங்கை தோலுரிந்து, தொப்பென்று கீழே உட்கார்ந்து, "எனக்கு இந்த ஆட்சியே வேண்டாம்" என்று அழுதார். நாட்டையே நடுங்க வைத்த மனிதர் கொடியால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கும்வரை சிறை என்ற பழைய கட்டளைப்படி சிப்பாய்கள் மாசானமுத்துவைத் திரும்பச் சிறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அதற்குள் செய்தி கேட்டுப் பெருவள நாட்டுப் படையும் தீவுக்காரர் படையும் வாசலுக்கு வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. சங்கிலிமாடன் கட்டளை கேட்டான். பூவலிங்கம்தான் ஓடிப்போய்ப் படைகளிடம் சொன்னார்: "பிடிக்கப்போற கோட்டைக்குத்தான் ஐயா வாசல். பிடிச்சு முடிச்ச கோட்டைக்கு எந்தப் பக்கமும் போவலாம்." இரண்டு வல்லரசுகளும் முரசு கொட்டிக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் உள்ளே வந்தன. தங்கள் யோசனைதான் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தது என்றது பெருவள நாடு. தங்கள் பீரங்கிதான் கவிழ்த்தது என்றார்கள் தீவுக்காரர்கள். உப்பளத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு சமாதானமானார்கள். ஆதிமூலமும் இசக்கிமுத்தும் ஒரே சிம்மாசனத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பழைய சட்டங்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

"மச்சினனை விடச் சொல்லுங்க வே" என்றார் பூவலிங்கம்.

"விடலாம். ஆனா கொடி ஏறாமக் கட்டளை செல்லாதே" என்றார் ஆதிமூலம்.

"கயித்தை அவுத்துக் கொண்டாரட்டா?"

"பீரங்கி துள்ளும்!" என்று இசக்கிமுத்து அலறினார்.

இரண்டு தலைவர்களும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள். கயிறு இல்லாமல் கொடி ஏற்றத் தெரிந்தவர் நாட்டில் ஒருவர்தான் இருந்தார். அனுபவசாலியை ஒதுக்குவது நாட்டுக்கு நல்லதல்ல என்று இரண்டு வல்லரசுகளும் எடுத்துச் சொல்லின. ரணகண்டருக்கே அந்த உத்தியோகத்தைக் கொடுத்தார்கள்.

விடிந்ததும் ரணகண்டர் புதுக் கொடியைப் பல்லில் கடித்துக்கொண்டு உச்சியில் போய் நின்றார். கொடி பறந்தது. ஆதிமூலம் கட்டளையிட்டார். சிறைக்கதவு திறந்தது. மாசானமுத்து வெளியே வந்தான். பூவலிங்கம் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார். அடுப்பு எரியும், சோறு வேகும், கடையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அத்தானின் தோளில் சாய்ந்தபடி மாசானமுத்து அண்ணாந்து பார்த்தான். உச்சியில் கொடி ஒரு பக்கம் பறந்தது. மீசை ஒரு பாதி மேலேயும் ஒரு பாதி கீழேயுமாகப் பறந்தது.

அவன் விழுந்து புரண்டு சிரித்தான்.

"கொடியப் பாத்துச் சிரிக்கான்!" என்று ஆதிமூலம் துள்ளி எழுந்தார்.

"கொடியப் பாத்து இல்ல வே, மீசையப் பாத்து" என்று பூவலிங்கம் கெஞ்சினார்.

"மீசையும் இப்பம் அரசாங்கச் சொத்துதான்" என்றார் இசக்கிமுத்து. ஆட்சிக்கு வந்தபின் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. சிரிப்பு அடங்கும்வரை உள்ளே வைக்கச் சொல்லிக் கட்டளை போட்டார்கள். கொடி பறந்துகொண்டிருந்ததால் அது உடனே நிறைவேறியது.

பூவலிங்கம் வீட்டுக்குப் போனார். செண்பகவடிவு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. அடுப்பில் பற்றவைத்த நெருப்பின்மீது தண்ணீரை ஊற்றினாள்.

பூவலிங்கம் புளியந்தோப்புக்குத் திரும்பினார். அங்கே ஒரு குருவிகூட இல்லை. எல்லாரும் அரசாங்கத்தில் இருந்தார்கள். பரவாயில்லை, தனியாகவே ஓர் இயக்கம் தொடங்கிவிடுவது என்று முடிவு செய்தார். கோட்டையைப் பிடித்து மச்சினனை மீட்டே தீர வேண்டும். வாசலில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தார். வலது கால் என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் இடது கால் என்றும் தோன்றியது.

பொழுது சாய ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் பார்த்தபோது, வலது காலைக் கிழக்குப் புளியமரத்தின் வேரிலும் இடது காலை மேற்குப் புளியமரத்தின் வேரிலும் அகட்டி வைத்துக்கொண்டு, இயக்கம் இரண்டாகப் பிரிந்துவிட்ட துக்கத்தில் பூவலிங்கம் நின்றுகொண்டிருந்தார்.