பிடிமானம் என்ன வேலை செய்தது?

உடுமலைப்பேட்டையில் கோகிலவாணி என்ற பெண்ணிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்ப் பல் தேய்த்து, காபி குடித்து, பேப்பரை ஒரு பக்கம் புரட்டிவிட்டு வந்தால் அப்போதுதான் அது கண்ணைத் திறக்கும்.

அது பாவம், என்ன செய்யும்? அதற்குள்ளே ஒரு கூடம் இருந்தது. அந்தக் கூடத்தில் கோகிலவாணிக்குத் தெரியாமல் ஒரு பெருங்கூட்டம் உட்கார்ந்திருந்தது. யார் கூப்பிட்டு வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது.

வானிலை என்று ஒருத்தி இருந்தாள். லண்டனில் மழை வருகிறதா என்று ஓயாமல் பார்த்துச் சொல்வாள். லண்டனை யாரும் கேட்டதில்லை. அச்சுக்காரர் ஒருவர் காகிதத்துக்காகக் காத்திருந்தார். அச்சு இயந்திரம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஏவலன் என்ற ஒரே பெயரில் ஒரு பட்டாளமே இருந்தது. "ஏவலா!" என்றால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். இவர்களை மேய்ப்பதற்கு ஒரு மேஸ்திரி. யார் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் பட்டென்று சொல்லிவிடுவார். எதற்காக என்று கேட்டால் தலையைச் சொறிவார்.

விசைகள் வந்து நுழையும் வாசலோரமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் பிடிமானம். ஷிப்ட் விசை தனியாக உள்ளே வந்தால் அதன் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்வான். அடுத்த விசை வந்ததும் இரண்டையும் சேர்த்து அனுப்பிவைப்பான். மற்ற நேரமெல்லாம் சும்மாதான் இருப்பான்.

கோகிலவாணிக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு கைகளிலுமாகச் சேர்த்து வலது சுட்டுவிரல் ஒன்றுதான் அவள் பேச்சைக் கேட்டது. அந்த ஒரே விரலை வைத்துக்கொண்டு தமிழில் எம்.ஏ. முடித்திருந்தாள். இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அமுக்குவது அவளால் நடக்காத காரியம். ஷிப்டை அமுக்குவாள், விடுவாள், பிறகு எழுத்தை அமுக்குவாள். பெரிய எழுத்து வந்துவிடும்.

பிடிமானம்தான் அதைச் செய்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஓர் அறக்கட்டளை கொடுத்த கணினி அது. கொடுப்பதற்கு முன் யாரோ ஒருவர் அவனை அங்கே உட்கார வைத்திருந்தார். உலகத்துக் கணினிகள் எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வெளியே இருப்பவளுக்கு ஒரே ஒரு விரல்தான் என்று பிடிமானத்துக்கும் தெரியாது. இப்படி ஒருவரை ஒருவர் அறியாமலே இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

அப்படியிருக்கையில் அவளுக்கு ஒரு பதிப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை. திங்கட்கிழமை காலை கணினி வழியாகத் தேர்வு. தேறினால் அதுதான் அவளுடைய முதல் வேலை. படித்தது போதும், சும்மா இரு என்று சொன்ன சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதுவே பதில். அழைப்பு கிடைத்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை.

நோம்பி கும்பிட ஊருக்கு வந்திருந்த சித்தி மகன் யுவராசுவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். அவனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.

"ஏங்கண்ணு, இது இப்படி ஊர்ந்துட்டுக் கெடக்குது. பரீட்சை நடுவுல நின்னுருச்சுன்னா என்ன பண்றது?"

"குடுங்க்கா பாக்கலாம்" என்று மடியில் வைத்துக்கொண்டு பத்து விரலாலும் தட்டினான். உடனே முகத்தைச் சுளித்தான். "என்னங்க்கா இது, ஷிப்டு ஒட்டிக்குது? விட்டாலும் விடமாட்டேங்குது. உள்ள குப்பை எக்கச்சக்கமா இருக்குதுங்க்கா. கூட்டித் தள்ளிர்றேன்."

பையிலிருந்து எடுத்துச் செருகிய பென் டிரைவில் துடைப்பம் என்றொரு துப்புரவு நிரல் இருந்தது. அது கூடத்துக்குள் குடியேறியதுமே அதிகாரம் செய்ய ஆரம்பித்துவிட்டது.

"எல்லாரும் வரிசையாக நில்லுங்கள்! இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள்? அதை மட்டும் சொன்னால் போதும்."

"லண்டனில் தூறல்" என்றாள் வானிலை.

"வெளியே போ."

"காகிதம் வரட்டும் என்று..." என்று இழுத்தார் அச்சுக்காரர்.

"வராது. போ."

அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டே போனார்.

ஏவலன்களிடம்தான் துடைப்பம் திணறிப்போனது. ஒருவனைத் தள்ளினால் சத்தம் நின்றது. அவனைக் கூட்டிவந்துவிட்டு இன்னொருவனைத் தள்ளினால் இணையம் நின்றது. மூன்றாவது ஒருவனைத் தள்ளினால் அவனே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"இதில் நான் யாரைத் தள்ளினேன், யாரைக் கூட்டி வந்தேன்?" என்றது துடைப்பம்.

"எனக்கும் குழம்பிவிட்டது" என்றார் மேஸ்திரி. "ஏவலன்களை விட்டுவிடுவோமே."

எரிச்சலோடு திரும்பிய துடைப்பத்தின் கண்ணில் பிடிமானம் பட்டான்.

"நீ?"

"பிடித்துக்கொள்கிறேன்."

"எதை?"

"ஷிப்டை."

"எதற்கு?"

பிடிமானம் யோசித்துப் பார்த்தான். "எனக்குத் தெரியாது. பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்."

"யார் சொன்னார்கள்?"

"அதுவும் தெரியாது."

மேஸ்திரி பக்கத்தில் வந்தார். "இவ்வளவு நேரமாகப் பார்க்கிறேன். விசைகள் ஜோடி ஜோடியாக ஒழுங்காக வருகின்றன. இவன்தான் குறுக்கே கையை நீட்டித் தடுக்கிறான்."

அன்று அது நிஜம்தான். அன்று தட்டியவை யுவராசுவின் பத்து விரல்கள். பிடிமானம் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் இருந்த கிடங்குக்குப் போனான். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"இப்பப் பாருங்க்கா, பறக்குது" என்றான் யுவராசு. கணினி சொடுக்குப் போடும் நேரத்தில் விழித்தது. கோகிலவாணிக்கு அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை காலை அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கோகிலவாணி பதிப்பகத்தின் பக்கத்தைத் திறந்து, அவர்கள் கொடுத்திருந்த கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினாள். அதன் நடுவில் ஒரு @ இருந்தது. ஷிப்டை அமுக்கினாள், விட்டாள், @ இருக்கும் இரண்டாம் எண் விசையை அமுக்கினாள்.

'தவறான கடவுச்சொல்' என்றது திரை.

உள்ளே கூடத்தில் எல்லோரும் வாசலையே பார்த்தார்கள். ஷிப்ட் தனியாக வந்தது. சுற்றும்முற்றும் பார்த்தது. பிடிக்க ஆள் இல்லை. வந்த வழியே திரும்பிப் போனது. அதன் பிறகு இரண்டாம் எண் விசை தனியாக வந்து நின்றது.

"இதென்ன கூத்து?" என்றார் மேஸ்திரி. "சேர்ந்து வராமல் ஏன் ஒவ்வொன்றாக வருகின்றன?"

"கணினியை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான்" என்றான் ஓர் ஏவலன். "தட்டத் தெரியாதவன் தட்டுகிறான்."

"இல்லை, சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாக வருகின்றன" என்றான் இன்னொரு ஏவலன். அல்லது அவனேதானோ என்னவோ.

கோகிலவாணி மறுபடியும் அமுக்கினாள். இந்த முறை இன்னும் நிதானமாக, இன்னும் அழுத்தமாக.

'தவறான கடவுச்சொல். இன்னும் ஒரு முறை தவறினால் உங்கள் கணக்கு பூட்டப்படும்.'

மேசையில் இருந்த போனை விரலால் தட்டி யுவராசுவைக் கூப்பிட்டாள். அவன் பஸ்ஸில் இருந்தான்.

"கண்ணு, நடுவுல @ இருக்கற பாஸ்வேர்டு, தப்புங்குது. நான் சரியாத்தான் அமுக்கறேன் சாமி. எதை எடுத்தே நீ?"

"தேவையில்லாததத்தான் எடுத்தேனுங்க்கா. எதுஎதுன்னு ஞாபகமில்லீங்களே. இருங்க, ஷிப்டையும் ரெண்டையும் அமுக்கறீங்கதானே?"

"ஆமா, அமுக்கறேன். எப்பவும் போலத்தான் அமுக்கறேன்."

"அப்புறம் ஏனுங்க்கா வரலை?" அவன் குரலிலும் குழப்பம் வந்துவிட்டது. "ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. நடுவுல எதாச்சும் பொட்டி வந்து நின்னு எதாச்சும் கேட்டா 'வேண்டாம்'னு அமுக்கிருங்க. நாம தொரத்துனதெல்லாம் திரும்ப உள்ள வரப் பாக்கும்."

அதோடு லைன் போய்விட்டது.

தேர்வு தொடங்கியிருக்கும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஷிப்ட்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்து, அதை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். கோபம் வந்து தொடர்ந்து குத்தினாள்.

உள்ளே வாசல் அதிர்ந்தது. ஷிப்ட் தனியாக வந்தது, போனது, உடனே வந்தது. ஐந்தாவது முறை வந்தபோது வாசல் வாயைத் திறந்தது.

"இது வேறு எந்த விசையும் துணைக்கு இல்லாமல் ஐந்து முறை வந்தால் ஒருவனைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. அவன் எங்கே?"

"யாருடைய உத்தரவு?" என்று துடைப்பம் பாய்ந்தது.

"தெரியாது" என்றது வாசல். கிடங்குப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தது.

பிடிமானம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். துரத்தப்பட்டவன் ஆயிற்றே, நேராக உள்ளே நுழையக் கூசினான். அதனால் திரையில் ஒரு சின்னப் பெட்டியாகப் போய் நின்று கேட்டான்:

'இரண்டு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமுக்குவீர்களா? முதல் விசையை நான் பிடித்துக்கொள்ளட்டுமா?'

கீழே 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்கள்.

கோகிலவாணி அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். ஒன்றன்பின் ஒன்றாகத்தானே அமுக்குவார்கள்? வேறு எப்படி அமுக்குவார்கள்? இதை ஏன் என்னிடம் கேட்கிறார்கள்?

யுவராசு 'வேண்டாம்' என்று அமுக்கச் சொல்லியிருந்தான். விரல் அந்தப் பக்கம் போனது. பாதி வழியில் அந்த இரண்டாவது கேள்வி அவள் மனதில் போய் இறங்கியது. அவன் பத்து விரல்களோடு தட்டியது நினைவுக்கு வந்தது. ஒரு விரல் ஷிப்டிலேயே இருக்க, இன்னொரு விரல் எழுத்துக்குப் போனது. அவன் ஷிப்டை விடவே இல்லை.

அப்படியானால் தன்னுடைய ஷிப்டை இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தது யார்?

'சரி' என்று அமுக்கினாள்.

கடவுச்சொல்லை மறுபடியும் அமுக்கினாள். ஷிப்ட் வந்தது. பிடிமானம் அதன் கையைப் பற்றினான். இரண்டாம் எண் விசை வரும்வரை விடவில்லை. கதவு திறந்தது.

தாமதமாகத்தான் உள்ளே போனாள். ஆனாலும் கடைசிக் கேள்விவரை முடித்துவிட்டாள்.

சாயங்காலம் யுவராசு கூப்பிட்டான். "என்னாச்சுங்க்கா? எப்படி உள்ள போனீங்க?"

"ஒரு பொட்டி வந்து, நான் புடிச்சுக்கட்டுமான்னு கேட்டுது கண்ணு. சரின்னுட்டேன்."

"ஐயோ, அதைத்தானுங்க்கா நான் எடுத்தேன்! ஷிப்டு ஒட்டுச்சில்ல, அது. அடுத்த நோம்பிக்கு வந்து மறுபடி எடுத்துர்றேன்."

"வந்தா இருந்து சாப்பிட்டுட்டுப் போ சாமி. மிஷின்ல கை வெக்காதே" என்றாள். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

கூடத்தில் அன்று முழுக்க அதே பேச்சுதான். துடைப்பத்துக்கு ஆற்றாமை தாங்கவில்லை. மேஸ்திரிக்கோ மண்டை குடைந்தது. வாசலோரம் வந்து பிடிமானத்தின் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரே ஒரு சந்தேகம். நேற்று இரண்டும் ஜோடியாகத்தானே வந்தன? இன்றைக்கு ஏன் இரண்டாவது விசை இப்படிப் பிந்தி வருகிறது?"

"எனக்குத் தெரியாது" என்றான் பிடிமானம். கையில் ஷிப்ட் இருந்தது. "பிந்தி வரும் என்று மட்டும் தெரியும். அதனால்தான் விடாமல் பிடித்திருக்கிறேன்."