சண்முகவடிவின் வாக்குமூலம்

"என் முன்மொழிவுல என்ன குறை, மேடம்?"

பேராசிரியர் ஜைனம்பு நிமிர்ந்து பார்த்தார். குற்றவியல் துறையின் தலைவர். வயது முப்பத்தெட்டு.

கேட்டவள் அவருடைய ஆய்வு மாணவி சண்முகவடிவு. வயது நாற்பத்தாறு. காவல்துறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்து, மகளிர் காவல் நிலைய ஏட்டாக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு படிக்க வந்தவள்.

பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட சிறுமிகளைப் பற்றியது அவள் ஆய்வு. அறுபது சிறுமிகளிடம் நேரடிப் பேட்டி. ஆளுக்கு நாற்பத்திரண்டு கேள்விகள்.

முன்மொழிவை மூன்று தடவை கொடுத்தாள். மூன்று தடவையும் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

"குறை இதுதான்னு நான் காட்டினா, நீங்க அந்த இடத்தை மட்டும் திருத்துவீங்க," என்றார் ஜைனம்பு.

"பெனிட்டாவோடது மட்டும் ஒரே தடவையில போயிடுச்சே?"

பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது. தலைப்பு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அவள் யாரையும் பேட்டி எடுக்கப் போவதில்லை. முடிந்துபோன வழக்குகளின் கோப்புகளைப் படிக்கப் போகிறாள், அவ்வளவுதான்.

காவல் நிலையத்தை உள்ளே போய்ப் பார்த்திருப்பாளா அவள்? மீட்டுக் கொண்டுவந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஜீப்பில் உட்கார்ந்து வந்திருப்பாளா? நான் வந்திருக்கிறேன். நான் எழுதிய வாக்குமூலங்களை அடுக்கினால் இந்த மேசை கொள்ளாது. அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒரே தடவை, எனக்கு மூன்று தடவையா?

சண்முகவடிவு உள்ளுக்குள் பொருமினாள்.

பெனிட்டாவின் முன்மொழிவுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த அன்று, அவள் துறை முழுக்கப் பாதுஷா கொடுத்தாள். சண்முகவடிவு சிரித்தபடி வாங்கினாள். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய்க் கழிவறைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

பேராசிரியர் அறையில் பெனிட்டாவின் குரல் கேட்டால் கதவோரம் நின்றாள். உள்ளே யாராவது சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள்.

ஒருநாள் அவள் ஒரு போன் செய்தாள்.

பெனிட்டாவுக்கு வேண்டிய பழைய கோப்புகள் மீட்கப்பட்ட சிறுமிகள் தங்கும் ஒரு காப்பகத்தில் இருந்தன. அதன் கண்காணிப்பாளர் காஞ்சனாவைச் சண்முகவடிவுக்கு ஏட்டாக இருந்த காலத்திலிருந்தே தெரியும்.

"அந்தப் பொண்ணு பத்திரிகைக்காரங்களோட பழக்கம் உள்ளவ. கோப்பைக் கொடுத்துட்டு நாளைக்கு நீங்கதான் முழிக்கணும். பார்த்துக்கோங்க."

பொய்தான்.

மறுவாரம் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதி ரத்து. பெனிட்டா நூலகத்தில் உட்கார்ந்து அழுதாள். சண்முகவடிவு அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். முதுகில் தட்டியும் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்துப் பேராசிரியர் கூப்பிட்டார்.

"காப்பகத்துக்கு யாரோ போன் பண்ணியிருக்காங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அந்தத் தொனி சண்முகவடிவுக்குத் தெரியும். அதே தொனியில் எத்தனையோ பேரிடம் அவளே கேட்டிருக்கிறாள். மறைத்துப் பயனில்லை.

"நான்தான், மேடம்."

எல்லாவற்றையும் சொன்னாள். போன், பொய், கதவோரம் நின்றது, குப்பைத்தொட்டிக்குப் போன பாதுஷா, ஆறுதலாக வாங்கிக் கொடுத்த டீ. சொல்லி முடிக்கும்போது ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது.

ஜைனம்பு திட்டவில்லை. "நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க," என்றார்.

மறுநாள் போனாள்.

"என்ன நடந்தது? சொல்லுங்க."

"நேத்தே சொல்லிட்டேனே, மேடம்."

"நேத்து நான் எழுதிக்கல. முதல்லேர்ந்து."

முதலிலிருந்து சொன்னாள். நேற்றைவிட இன்று சொல்வது கடினமாக இருந்தது. பாதுஷாவை விட்டுவிட்டாள்.

"இனிப்பைப் பத்தி நேத்து ஏதோ சொன்னீங்களே?"

அதையும் சொன்னாள்.

"நாளைக்கும் வாங்க."

மூன்றாம் நாள் அறையில் இன்னொருவர் இருந்தார். சட்டத்துறைப் பேராசிரியர் சுப்புராமன். சண்முகவடிவு அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சார் முன்னால ஒருதடவை சொல்லிடுங்க," என்றார் ஜைனம்பு.

சொன்னாள். தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஜைனம்பு எழுதிவைத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் பாதியில் கை காட்டி நிறுத்தினார்.

"போன் பண்ணினது செவ்வாய்க்கிழமைன்னு முதல்ல சொல்லியிருக்கீங்க. இப்போ புதன்கிழமைங்கிறீங்க. இதுல எது பொய்?"

"ஞாபகம் இல்ல, சார்."

"இனிப்பை அவங்க உங்க கையில திணிச்சாங்களா?"

"இல்ல."

"நீங்களா கை நீட்டி வாங்கினீங்க?"

"ஆமா."

"வாங்கும்போது சிரிச்சீங்க?"

"ஆமா, சார். ஆனா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சிரிச்சீங்கன்னா சந்தோஷமாத்தானே இருந்திருப்பீங்க?"

சண்முகவடிவு தரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எத்தனை தடவை மேடம் சொல்றது?" அவள் ஜைனம்பு பக்கம் திரும்பிக் கத்தினாள். "தப்புப் பண்ணினேன்னு ஒத்துக்கிட்டேன். தண்டனை கொடுங்க, வாங்கிக்கிறேன். திரும்பத் திரும்ப என்னைச் சொல்ல வைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் நடுத்தெருவுல நிக்க வச்ச மாதிரி இருக்கு!"

சுப்புராமன் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

ஜைனம்பு மேசை இழுப்பறையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து நீட்டினார். அனுமதி ரத்தாகும் முன் பெனிட்டா எழுதிய குறிப்பு. ஒரு வழக்கு. பன்னிரண்டு வயதுச் சிறுமி. பெயர் இல்லை, ஊர் இல்லை. என்ன நடந்தது என்பதும் இல்லை. யார் யார் அவளிடம் அதைச் சொல்லச் சொன்னார்கள் என்பது மட்டும் வரிசையாக இருந்தது. பதினான்கு பேர்.

மருத்துவர். நீதித்துறை நடுவர். குழந்தைகள் நலக் குழு. மனநல ஆலோசகர். தொண்டு நிறுவனத்துக்காரர். இரண்டு தரப்பு வக்கீல்கள். சண்முகவடிவு கீழே கீழே படித்துவிட்டு, மறுபடி மேலே போனாள்.

முதல் வரியில் 'மகளிர் காவல் நிலைய ஏட்டு' என்று இருந்தது.

"எந்த ஸ்டேஷன், மேடம்?"

"அதையும் மறைச்சிருக்கா."

"எந்த வருஷம்?"

"அதையும்தான்."

சண்முகவடிவு அந்தத் தாளை மேசைமேல் வைத்தாள். வெளியே போய் வராந்தாவில் நின்று காஞ்சனாவுக்குப் போன் செய்தாள்.

"நான் சொன்னது பொய். அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. இதை நான் எழுத்துலயே கொடுக்கிறேன்."

அங்கிருந்து நேராக நூலகத்துக்குப் போனாள். பெனிட்டா ஜன்னலோர மேசையில் இருந்தாள். அவள் எதிரே நின்று நான்காவது முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை யாரும் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

பெனிட்டா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் புத்தகத்தை மூடினாள்.

"ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேக்க மாட்டியா?"

"நீங்க சொன்னது போதும்க்கா."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் சண்முகவடிவின் பக்கம் திரும்பவே இல்லை. காப்பகத்தின் அனுமதி மட்டும் மறுபடி வந்தது. அன்று பெனிட்டா யாருக்கும் இனிப்புக் கொடுக்கவில்லை.

பேராசிரியர் அறையில் அவள் குரல் கேட்கும்போது சண்முகவடிவுக்கு இன்னமும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆனால் கதவோரம் நிற்காமல் நடந்து போகப் பழகிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, நான்காவது முன்மொழிவைக் கொண்டுபோய் வைத்தாள்.

ஜைனம்பு கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"இதுல ஒரு சிறுமியையும் காணோமே?"

"அவங்க சொன்னது போதும், மேடம்."

"அப்போ யாருகிட்ட பேட்டி?"

"அவங்களைச் சொல்ல வச்சவங்ககிட்ட. ஏட்டு, டாக்டர், வக்கீல், நம்மள மாதிரி ஆய்வு பண்ணப் போனவங்க."

"அவங்க யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

"முதல் ஆள் திறப்பா."

"யாரு?"

"இருபத்திரண்டு வருஷம் போலீஸ்ல இருந்தவ," என்றாள் சண்முகவடிவு. "ரெக்கார்டரைப் போடுங்க, மேடம்."