செண்பகவடிவு வீட்டுக் கதவு

பண்ணையார் வீரபாகுவின் வாசல்கதவைக் கரையான் அரித்துவிட்டது. அந்த வாரம்தான் செண்பகவடிவின் புருஷன் செத்திருந்தான். கேட்க ஆளில்லை என்று, அவள் வீட்டுத் தேக்குக் கதவை நிலைச்சட்டத்தோடு பெயர்த்து வரச் சொன்னார்.

அவள் வீட்டுச் சுவர் மெல்லிசு. பண்ணை வீட்டுச் சுவரோ தடிமன். அங்கே பொருத்தியதும் நிலை சுவருக்குள் புதைந்து அசிங்கமாக நின்றது.

விருந்துக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, பண்ணையார் தச்சன் கொம்பையாவிடம் கத்தினார்.

“சுவரைச் செதுக்கக் கூடாது. நிலையில ஒட்டுப் போடக் கூடாது. ரெண்டு பக்கமும் சுவரோட சமமா நிக்கணும். இல்லேன்னா ஊரைவிட்டே ஓடிரு!”

“அப்படி நின்னாப் போதுமா, எசமான்?”

“போதும்லே!”

மறுநாள் மழைத்தூறலில் கொம்பையா எல்லோரையும் கூட்டிப்போனான். கதவு செண்பகவடிவின் வீட்டு வாசலிலேயே கச்சிதமாக நின்றது.

“எசமான் சொன்னபடியே நிக்குது. எந்த வீட்டுச் சுவருன்னு நீங்க சொல்லலையே.”

“அப்போ இது யார் வீட்டுக் கதவு?” என்று சம்பந்தி கேட்டார். பண்ணையார் திரும்பி நடந்தார். யாரும் சிரிக்கவில்லை.

வடிவு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தெருவே பார்க்கத் திறந்து கிடந்த வீட்டில் அவள் அடக்கி வைத்திருந்த அழுகை, அப்போதுதான் வெளியே கேட்டது.