புழு அரிக்காத பூங்கொத்து

பயந்தாங்கொள்ளிங்க எல்லாம் யார் மடியிலாவது ஏறிக்குங்க. அப்புறம் தூக்கம் வரலைன்னு என்னைக் குறை சொல்லக் கூடாது, ஆமா!

நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தின காலம். கடலுக்கு அணை போட்டு, அதுக்குக் கீழேயே குடியிருந்த ஒல்லாந்து தேசம். அங்கே ஹில்லா, ட்ரைன்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர். தாய் தகப்பன் இல்லை. ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. அக்கா ஹில்லா ஓவியர்களுக்கு வர்ணம் அரைச்சுக் கொடுப்பா. தங்கச்சி ட்ரைன் தோட்டத்துப் பூவை வீடு வீடாக் கொண்டுபோய்க் கொடுப்பா.

அந்த ஊர்ல பூ வரையுறதுன்னா பெரிய சங்கதி. வசந்தத்துல பூக்குற டூலிப்பும், கோடையில பூக்குற ரோஜாவும் படத்துல ஒரே ஜாடியில நிக்கும். நிஜத்துல அப்படி ஒரு கொத்து எந்தத் தோட்டத்துலயும் கிடையாது. ஒவ்வொண்ணும் பூக்குறப்போ பார்த்து வரைஞ்சு வச்சுக்கிட்டு, பிறகு ஒண்ணாச் சேர்ப்பாங்க. ஆனா ஒரு வழக்கம் உண்டு. இலையில புழு அரிச்ச ஓட்டை, மேசையில உதிர்ந்த இதழ், ஓரத்துல ஒரு ஈ, இதுல ஒண்ணாவது படத்துல இருந்தே ஆகணும். 'எல்லாம் ஒருநாள் வாடும், ரொம்ப ஆடாதே'ன்னு பார்க்கிறவனுக்குச் சொல்றதுக்கு.

அதே ஊர்ல தோர்ன்னு ஒரு ஓவியன். அவன் வயசு யாருக்கும் தெரியாது. அவன் வீட்டுக்குப் பூ கொண்டுபோன ட்ரைன் மூணு நாளாத் திரும்பி வரலை.

ஹில்லா பதறியடிச்சு ஓடிப் போய்க் கதவைத் தட்டினா.

"ஐயா, என் தங்கச்சி இங்கே வந்தாளா?"

"எவளும் வரலை. உன் கையெல்லாம் கறையா இருக்கே, வர்ணம் அரைப்பியா?"

அவன் காலடியில ட்ரைனோட பூக்கூடை கிடந்துச்சு. ஹில்லா அதைப் பார்த்துட்டா. ஆனாலும் வெளியே காட்டிக்கலை.

"நல்லா அரைப்பேன் ஐயா"ன்னு சொல்லி உள்ளே நுழைஞ்சுட்டா.

உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு பூங்கொத்துப் படம். அவன் எண்ணெய் எடுக்கப் பின்கட்டுக்குப் போன நேரம், அவ கிட்டப் போய்ப் பார்த்தா. ஓட்டை எங்கே? இல்லை. உதிர்ந்த இதழ்? இல்லை. ஒரு ஈ? அதுவும் இல்லை! இன்னும் உத்துப் பார்த்தா, அய்யோ, பூவெல்லாம் மூச்சு விடுது!

டூலிப் முனகுச்சு. "நான் தோட்டக்காரனம்மா. உள்ளே வந்து எத்தனை வருஷமாச்சோ தெரியலை."

ரோஜா முனகுச்சு. "நான் கல்யாணப் பொண்ணு. கல்யாணப் படம் வரையச் சொல்லத்தான் வந்தேன்."

ஈரம்கூடக் காயாத ஒரு வெள்ளைப் பூ விசும்புச்சு. "அக்கா..."

"ட்ரைன்! என் கண்ணே! உன்னை எப்படிடி வெளியே எடுப்பேன்?"

"முடியாது"ன்னு பின்னால ஒரு குரல். தோர்ன் தூரிகையோட நின்னான். "நடுவுல ஒரு பூவுக்கு இடம் இருக்கு. உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

முதல் தீற்றல் இழுத்தான். "பூ வாடாது!" ஹில்லாவோட கால் ரெண்டும் பச்சையாகித் தரையோட ஒட்டிக்கிச்சு.

ரெண்டாவது தீற்றல். "புழு அண்டாது!" இடுப்பு விறைச்சுக் காம்பாகிப் போச்சு. கத்த வாயைத் திறந்தா, சத்தமே வரலை.

மூணாவது தீற்றலுக்கு அவன் குனிஞ்சப்போதான், படத்துல இருந்த கண்ணாடி ஜாடி அவ கண்ணுல பட்டுச்சு. அதுல நகத்தளவு ஒரு முகம். தோர்னோட முகம்! ஜாடியில தன் முகம் தெரியுற மாதிரி வரைஞ்சு வைக்கிறது அந்த ஊர் ஓவியர்களுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை இவனாலயும் விட முடியலை. அப்போ இவன் சாகாம இருக்குறதும் இந்தப் படத்தாலதான்! இதுல ஒரு ஈயை வச்சுட்டா இவனும் வாடிடுவான்.

ஆனா படம் வாடினா உள்ளே இருக்குற தங்கச்சி என்ன ஆவா? பிழைப்பாளா, அவளும் கருகிடுவாளா? ஹில்லாவுக்குத் தெரியாது.

அக்கா தன் கரி விரலையும் படத்தையும் மாத்தி மாத்திப் பார்க்கிறதைக் கண்டுட்டு, "பண்ணுக்கா"ன்னு வெள்ளைப் பூ சொல்லுச்சு. "இப்படி இருக்குறதுக்கு வாடிப் போறது எவ்வளவோ மேல்."

"நாள் நகரா..."ன்னு அவன் ஆரம்பிச்சான். கரி அரைச்ச கட்டைவிரலை எட்டி நீட்டி, படத்து இலை மேல ஒரே அழுத்து அழுத்தினா ஹில்லா.

அந்தக் கரும்பொட்டுக்குக் கால் முளைச்சுச்சு. இறக்கை முளைச்சுச்சு. ஈயாகி, 'ஞொய்'னு பறந்து, ஜாடியில இருந்த முகத்து மூக்கு மேல போய் உட்கார்ந்துச்சு. தோர்ன் பட்டுனு தன் மூக்குல அடிச்சுக்கிட்டான். அடிச்ச கை சுருங்கிச்சு. தலை நரைச்சுச்சு. பல்லு பொலபொலன்னு கொட்டுச்சு. எத்தனையோ வருஷம் ஒரே மூச்சுல அவன் மேல இறங்குச்சு. கடைசியில ஒரு பிடி தூசிதான் மிச்சம்.

ஹில்லாவுக்குக் கால் வந்துச்சு, இடுப்பு வந்துச்சு. டூலிப் இதழ் உதிர்ந்துச்சு, தோட்டக்காரன் வெளியே விழுந்தான். ரோஜா உதிர்ந்துச்சு, கல்யாணப் பொண்ணு வெளியே விழுந்தா. மத்த பூவெல்லாம் ஒவ்வொண்ணா உதிர்ந்து ஆளாச்சு. வெள்ளைப் பூ மட்டும் உதிரப் பயந்துக்கிட்டுக் காம்பை விடலை. ஓரமெல்லாம் பழுத்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு.

"விடுடி ட்ரைன், விட்டுடு!"ன்னு அக்காக்காரி அலறினா.

இதழ் ஒண்ணு தரையில விழுந்துச்சு. ட்ரைன் அக்கா கழுத்தைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா.

ராஜா விஷயம் கேள்விப்பட்டு அந்த வீட்டையும் தோட்டத்தையும் அக்கா தங்கச்சிக்கே எழுதிக் கொடுத்தார். வருஷம் ஓடுச்சு. ஒருநாள் ட்ரைன் தலையில முதல் நரைமுடி தெரிஞ்சுச்சு. அவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. ஹில்லாவுக்கோ சந்தோஷம் தாங்கலை. அந்த முடிக்கு ஒரு முத்தம் கொடுத்துட்டு, தெருவுக்கே அப்பம் சுட்டுக் கொடுத்தா.

நீங்களும் தலை நரைச்சு, பல்லு விழுந்து, தடி ஊனி நல்லா இருங்க!