பாறையில் இருந்த ஒரு வரி

“கிழக்குச் சுனை கோடையிலும் வற்றாதாம்! மான்கள் நாளைக் காலை குட்டிகளோடு அங்கே கிளம்புகின்றன!”

இரண்டு அணில்கள் பேசிக்கொண்டே ஓடின. புதரடியில் வெயில் காய்ந்த உடும்பின் காதில் அது விழுந்தது.

கிழக்குச் சுனைக்கு இரண்டு நாள் நடை. வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. போய்ச் சேரும்போது சுனை வறண்டிருந்தால் குட்டிகள் பிழைக்காது.

‘வற்றாது என்று யார் பார்த்தார்கள்?’ உடும்புக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரிய பாறைக்கு ஓடியது.

எந்தக் காய் கசக்கும், எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு என்று காட்டின் சேதியெல்லாம் அந்தப் பாறையில்தான் இருக்கும். யாரும் எழுதலாம்; யாரும் திருத்தலாம். கூலி கிடையாது. வரிக்குக் கீழே, சொன்னவர் பெயரைப் போட வேண்டும். தகராறு வந்தால் பாறையடி மணலில் எழுதிப் பேசித் தீர்க்க வேண்டும்.

‘கிழக்குச் சுனை கோடையிலும் வற்றாது. சொன்னது: மைனா’ என்றிருந்தது.

மைனா பாறை உச்சியில்தான் உட்கார்ந்திருந்தது.

“மைனா அக்கா, சுனையை நீங்கள் பார்த்தீர்களா?”

“நானா? அந்தப் பக்கமே போனதில்லையே!”

“பிறகு எப்படித் தெரியும்?”

“இதென்ன கேள்வி? இந்தப் பாறையில்தான் படித்தேன்! அப்போது அதில் யார் பெயரும் இல்லை. அப்புறம் கரடி வந்து, ‘சுனை வற்றாதுதானே?’ என்றது. ‘ஆமாம்’ என்றேன். உடனே என் பெயரைப் போட்டுவிட்டது!”

உடும்புக்கு நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். அதனால் மணலில் நகத்தால் எழுதியது: ‘பார்த்தது யார்?’

கரடி உறுமிக்கொண்டு வந்தது. “என் வரியிலா குறை? இருநூறு வரி எழுதியவன் நான்! நீ எத்தனை எழுதியிருக்கிறாய்?”

“ஒன்றுகூட இல்லை, அண்ணா.”

“அடடே! எழுதத் தெரியாதவள் திருத்த வந்துவிட்டாள்!” என்று பக்கத்தில் நின்ற ஒரு முயல் சிரித்தது.

கரடி மணலைக் காலால் அழித்தது. உடும்பு மறுபடி எழுதியது. கரடி மறுபடி அழித்தது. உடும்பு மூன்றாம் முறையும் எழுதியது.

“விடமாட்டாயா நீ?”

“பார்த்தவர் பெயரைச் சொல்லுங்கள். விட்டுவிடுகிறேன்.”

“காடே சொல்கிறது!”

“காடு இந்தப் பாறையைப் படித்துத்தானே சொல்கிறது, அண்ணா?”

மணலை அழிக்கத் தூக்கிய காலைக் கரடி கீழே வைத்தது.

சத்தம் கேட்டு மான்கள் வந்துவிட்டன. தாய் மானிடம் உடும்பு சொன்னது: “ஒரு நாள் பொறுங்கள். மைனா அக்கா பறந்துபோய்ப் பார்த்து வரட்டும்.”

“இந்த வெயிலிலா?” என்றது மைனா.

“உங்கள் பெயர்தானே அங்கே இருக்கிறது!”

மைனா பாறையைப் பார்த்தது. குட்டிகளைப் பார்த்தது. கிழக்கே பறந்தது.

மறுநாள் மாலை, மைனா களைத்துப்போய்த் திரும்பி வந்தது. “சொட்டு இல்லை! சேறுகூடப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஆனால் திரும்பும்போது தெற்கே சுற்றி வந்தேன்; அங்கே ஆற்று மடுவில் தண்ணீர் நிற்கிறது. இறங்கிக் குடித்தேன்!”

மான்கள் தெற்கே நடந்தன.

கரடி பாறை முன்னால் வந்தது. பிறகு தன் வரியைத் தானே சுரண்டி எடுத்தது. பாறையின் உச்சியில், எல்லா வரிகளுக்கும் மேலே, பெரிதாக எழுதியது: ‘எத்தனை பேர் சொன்னார்கள் என்று கேட்காதே, கண்டவர் யார் என்று கேள்.’