ஆவுடைக்கு முதல் ஜாடி

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு நாற்பது வயது இருக்கலாம். அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்த கோமதிநாயகத்துக்கு அறுபத்து மூன்று. சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். கோமதிநாயகத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோமதிநாயகம் ஊறுகாய் போடக் கற்றுக்கொண்டார். மனைவி இருந்தவரை அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து உப்பு அடைத்து வெயிலில் வைப்பது, நெல்லிக்காயைத் தேனில் ஊறப்போடுவது, புளி இஞ்சி கிண்டுவது எல்லாம் கைவந்துவிட்டது. விற்பதற்கில்லை. கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, மூடிமேல் வெள்ளைத் துணி போட்டு நூலால் கட்டி, இன்னாருக்கு என்று பெயர் எழுதி ஒட்டி, சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார்.

அன்று மடத்துக்கும் ஒரு ஜாடி வந்திருந்தது. சாமி நூலை அவிழ்த்து, ஒரு துண்டு நார்த்தங்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“எப்படி இருக்கு சாமி?”

“நல்லாருக்கு.”

“உப்பு கூடிப்போச்சோ?”

“இல்லையே.”

“கசப்பு நிக்குதா?”

“நார்த்தங்காய் கசக்கத்தானே செய்யும்.”

கோமதிநாயகத்தின் முகம் தெளியவில்லை.

“அப்ப என்னன்னுதான் தெரியலை.”

“எது?”

“என் தங்கச்சி ஆவுடையம்மா இருக்கால்லா, அவ மகளுக்கு ஆவணியில கல்யாணம். வெத்தலை பாக்கு மாத்தி முடிஞ்சு போச்சு. எனக்குச் சொல்லலை. சவரக்கடைக்காரன் சொல்லித்தான் எனக்கே தெரியும் சாமி. ‘மருமவளுக்குக் கல்யாணமாமே, மாமன் மாலை ரோசாவா, சம்பங்கியா?’ன்னு கேக்கான். எல்லாம் தெரிஞ்ச ஆள் மாதிரி தலையை ஆட்டினேன். ஆட்டாதீங்க, கழுத்துல கத்தி இருக்குன்னு சத்தம் போடுதான்.”

சாமி சிரித்துவிட்டார். கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

“ஒரே தங்கச்சி. அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். நான் நிக்காம அவ கழுத்துல தாலி ஏறினா, அதுக்கு அப்புறம் நான் யாருக்கு என்ன சாமி?”

“சண்டை போட்டீங்களா?”

“ஒரு வார்த்தை கிடையாது. நான் என்ன போட்டாலும் முதல் ஜாடி அவளுக்குத்தான். அப்புறந்தான் மத்தவங்களுக்கு. பொங்கலுக்கு வந்துட்டுப் போனவ, அதோட வரலை. நான் போனேன். உள்ள ரேடியோ பாடுது, கதவைத் தட்டினா திறக்கலை. ஜாடியை வாசப்படியில வச்சுட்டு வந்தேன்.”

சாமி இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

“காலி ஜாடியை எல்லாம் என்ன செய்வாங்க?”

“அவங்களே வச்சுக்கிடுவாங்க. நான் கேக்கதில்லை.”

“தங்கச்சி?”

“அவ மட்டும் திருப்பிக் கொண்டாந்திருவா. வெறும் ஜாடியாக் கொண்டாரக் கூடாதுல்லா? ஒரு தடவை சீனி போட்டுக் கொண்டாந்தா. ஒரு தடவை பொரிகடலை. பொங்கலுக்குச் சுண்டை வத்தல். அவளே பறிச்சு, கீறி, மோர்ல ஊறப்போட்டுக் காய வச்சிருக்கா. ஜாடி நிறைய.”

“நல்லா இருந்துச்சா?”

“நான் எங்க சாப்பிட்டேன்? மச்சான் துணிக்கடையில வேலைக்கு நிக்காரு. அந்த வீட்டுல எல்லாமே அளவுதான். அதைப் போய் நான் வாங்குவனா சாமி? ‘உனக்கெதுக்குட்டி இந்த வேலை, பிள்ளைக்கு வச்சுக்கோ’ன்னு அங்கனயே அவ பையில கொட்டிக் கொடுத்துட்டேன். சீனியையும் அப்படித்தான் கொடுத்தேன். ஜாடியைக் கழுவித் துடைச்சு, மாங்காய்த் தொக்கை நிறைய அடைச்சு, கையோட அனுப்பினேன்.”

சாமி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தொக்குலதான் என்னமோ கோளாறு” என்றார் கோமதிநாயகம். “எண்ணெய் காந்திப்போச்சோ, என்னமோ.”

சாமி ஜாடியை மூடி ஓரமாக வைத்தார்.

“பானகம் இருக்கு, குடிக்கீங்களா?”

“வேண்டாம் சாமி, இப்பத்தான் காப்பி ஆச்சு.”

“பழம்?”

“நீங்க வச்சுக்கோங்க.”

தூறல் விழ ஆரம்பித்தது. கோமதிநாயகம் எழுந்தார். சாமி மூலையில் இருந்த குடையை எடுத்து நீட்டினார்.

“இருக்கட்டும் சாமி. துண்டு இருக்கு.”

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் படி இறங்கும்போது சாமி கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, நாளைக்குக் காலையில சாப்பிடாம வாங்க. கையில ஒண்ணும் கொண்டு வராதீங்க.”

மறுநாள் கோமதிநாயகம் ஒரு துணிப்பையோடு வந்தார்.

“அது என்ன?”

“நெல்லிக்காய். தேன்ல போட்டது.”

“ஒண்ணும் கொண்டு வராதீங்கன்னேன்.”

“சின்ன ஜாடிதான் சாமி.”

சாமி பையை வாங்கிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். தோளில் ஒரு துணியையும் கையில் பிச்சைப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நடந்தார். கோமதிநாயகம் பின்னால் போனார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டினார். முன்னால் கட்டினார். கடைசியில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் அவர் சட்டைப்பையில் கை விடுவதற்குள் சாமி இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார். கோமதிநாயகம் இருக்கையின் விளிம்பிலேயே உட்கார்ந்து வந்தார்.

“எங்க போறோம் சாமி?”

“பிச்சைக்கு.”

“நான் எதுக்கு?”

“துணைக்கு.”

இறங்கிய இடத்தைப் பார்த்ததும் அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“இது ஆவுடை ஊரு சாமி.”

“தெரியும்.”

முதல் வீட்டில் ஒரு கை சோறு விழுந்தது. இரண்டாவது வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“போஸ்ட் மாஸ்டர் சார்தானே? என்ன சார் இது கோலம்?”

“சும்மா. சாமிகூட வந்தேன்.”

“வீட்டுல எல்லாம் சுகந்தானே?” என்று அவர் சந்தேகமாகக் கேட்டார். கோமதிநாயகம் தலையை ஆட்டினார். எந்தக் கேள்விக்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

தெருவின் கடைசியில் ஆவுடையம்மாள் வீடு. கதவு திறந்திருந்தது. சாமி வாசலில் நின்று, “தாயே” என்றார். அவள் ஒரு கிண்ணத்தில் சோற்றோடு வந்தாள். சாமியின் பாத்திரத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

“வாங்கண்ணே” என்றாள். அவள் பார்வை அவர் கைகளுக்குப் போயிற்று.

“ஜாடி எங்க?”

“கொண்டு வரலை.”

“மறந்துட்டீங்களா?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

கல்யாணத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். சாமியைப் பார்த்தார். சாமி எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையம்மாள் சாமி பக்கம் திரும்பினாள்.

“எதுக்கு சாமி இவங்களைக் கூட்டியாந்தீங்க?”

“பசிக்குதாம் தாயி.”

கோமதிநாயகம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். வயிறு காந்தியது. வாயை மூடிக்கொண்டார்.

“எங்கண்ணனுக்கா?” அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பாக இல்லை. “அவுகளுக்கு எங்க வீட்டுப் படியேறினாப் பசிக்காது சாமி. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் இங்க கை நனைச்சதில்லை. தண்ணி கொடுத்தாக்கூட, இப்பத்தான் குடிச்சேன்பாக. பெரிய தர்மப்பிரபு. மடியில கட்டிக்கிட்டு வாறது, இறக்கி வைக்கது, போறது.”

“உனக்குச் சிரமம்னுதான்…”

“நான் சொன்னேனா?”

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

“பழையதுதான் இருக்கு” என்றாள் ஆவுடையம்மாள்.

“போடு” என்றார் கோமதிநாயகம். வேறு யாரோ சொன்னது போலிருந்தது.

அவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். சாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆவுடையம்மாளின் மகள் வடிவு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “கை கழுவுங்க மாமா” என்றாள். அவளால் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

பழையது, சின்ன வெங்காயம், கொள்ளை வறுத்து அரைத்த காணத் துவையல். ஆவுடையம்மாள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துவையல் காரமா இருக்கா?”

“கூடத்தான்.”

“கூடினாத் தின்னாத.”

அவர் தின்றார். கண்ணில் நீர் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். தட்டு காலியானது. பசி அடங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார்.

“இன்னும் கொஞ்சம் இருக்கா?”

அவள் பானையைச் சாய்த்தாள். அகப்பை அடியில் உரசும் சத்தம் கேட்டது. அது அவளுடைய மத்தியானச் சோறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போதும் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். சொல்லை விழுங்கினார். சோற்றையும் விழுங்கினார்.

“பந்தல்காரன் இன்னைக்கு வாறேன் நாளைக்கு வாறேங்கான்” என்றாள் அவள் திடீரென்று. “சமையலுக்குச் சொன்ன ஆளு இன்னொரு இடத்துலயும் அட்வான்ஸ் வாங்கிட்டானாம். மாப்பிள்ளை வீட்டுக்காரி போன் போட்டா வைக்க மாட்டேங்கா. உன் மச்சானுக்குக் கடையில லீவு கிடையாது. நான் ஒருத்தி கிடந்து சாவுதேன். நீ என்னடான்னா சட்டமா உக்காந்து பழையது தின்னுக்கிட்டு இருக்க.”

கோமதிநாயகத்தின் கை தட்டில் நின்றது.

“எனக்கு நீ சொல்லவே இல்லையே ஆவுடை.”

“இப்பச் சொல்லுதேன்லா?”

வடிவு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“வெள்ளிக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்கப் போகணும்” என்றாள் ஆவுடையம்மாள், தட்டை எடுத்துக்கொண்டே. “காலையிலயே வந்துரு. இங்க சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம். புடவை எடுக்க எடத்துல நான்தான் எடுத்துக் கொடுப்பேன்னு பையைத் தூக்கிட்டு முன்னால ஓடின, அங்கனயே விட்டுட்டு வந்திருவேன். சும்மா உக்காந்து இது நல்லாருக்கு, இது நல்லால்லைன்னு சொன்னாப் போதும்.”

“சரி.”

“என்ன சரி?”

“வாறேன்.”

இருவரும் திரும்பி நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. வேப்ப மரத்தடியில் நின்றார்கள்.

“சாமி, எனக்கு ஒண்ணுமே விளங்கலை.”

“என்ன விளங்கலை?”

“வருசக்கணக்கா ஜாடி ஜாடியாச் சுமந்துட்டுப் போனேன். கதவைச் சாத்தினா. இன்னைக்கு வெறுங்கையோட போயி, அவ மத்தியானச் சோத்தையும் வழிச்சுத் தின்னுட்டு வாறேன். அவ இனிமே உலை வச்சாத்தான் அவளுக்குச் சோறு. என்னைய ஏசுதா. கூடவே புடவை எடுக்க வான்னு கூப்பிடுதா. நான் அவளுக்கு என்ன செஞ்சேன்?”

சாமி பாத்திரத்தில் இருந்த சோற்றில் ஒரு பங்கைப் பிரித்து மரத்தடி நாய்க்கு வைத்தார். அது வாலை ஆட்டிக்கொண்டே தின்றது.

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. கோமதிநாயகம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. பிறகு மறுபடியும் கலங்கியது.

“வெள்ளிக்கிழமை அங்க சாப்பிடணும்லா. இன்னைக்கும் சாப்பிட்டாச்சு. பதிலுக்கு எதாவது கொண்டு போகணுமே. தொக்கு வேண்டாம், அது சரிப்படலை. புளி இஞ்சி போடட்டுமா? அவளுக்குப் பிடிக்கும். இல்லை, கல்யாண வீடு, பெரிய ஜாடியா நெல்லிக்காயே… என்ன கொண்டு போகட்டும் சாமி?”

பஸ் வந்து நின்றது. சாமி ஏறப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமையும் பசிக்கும், அண்ணாச்சி.”