குக்கர் கேட்ட இன்னொரு கை

திருப்பூரில், பனியன் கம்பெனிகள் தோளோடு தோள் உரசி நிற்கும் ஒரு தெருவில், ஒரு மாடி வீட்டு அடுக்களையில் ஒரு குக்கர் இருந்தது. சின்னக் குக்கர்தான். அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் சோறு வைக்க அது போதும்.

பூங்கொடி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். தைத்து வரும் துணிகளை மேசையில் விரித்து, எங்கே ஓட்டை, எங்கே நூல் பிரிந்திருக்கிறது என்று நாள் முழுக்க நின்றபடியே பார்க்க வேண்டும். அவள் கணவன் லோகநாதனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கும் சாயத்தின் பக்கத்தில் நின்று நின்று, வீட்டுக்கு வரும்போது அவன் பாதி வெந்துபோயிருப்பான். அவர்கள் மகள் தர்ஷனா நான்காம் வகுப்புப் படித்தாள்.

மனிதர்களோடு பேசக் குக்கருக்கு ஒரே வழிதான் இருந்தது. விசில் அடிக்கும். அந்த விசில் தெருக்கோடி வரை கேட்கும். கேட்டு எழுந்து வருபவள் மட்டும் பூங்கொடி ஒருத்திதான். துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் சோப்பு நுரையோடு ஓடி வருவாள்.

மாலையானால் அந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு பேர் வருவார்கள். மனிதர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். பாத்திரங்களுக்கு நன்றாகத் தெரிவார்கள். ஒன்று லோகநாதனின் அலுப்பு. மற்றொன்று பூங்கொடியின் அலுப்பு. இரண்டும் ஒரே உயரம், ஒரே கனம். லோகநாதனின் அலுப்பு வாசலில் அவன் செருப்பைக் கழற்றும் முன்பே அவனை முந்திக்கொண்டு போய்ச் சோபாவில் காலை நீட்டிவிடும். பூங்கொடியின் அலுப்பு அவள் தோளைப் பிடித்துத் தொங்கியபடியே அடுக்களைக்குள் வந்து, சுவரோரமாக நிற்கும்.

"சித்த உட்காரேன்," என்றது குக்கர் ஒரு நாள்.

"எதுல?" என்று கேட்டது அலுப்பு.

குக்கர் சுற்றுமுற்றும் பார்த்தது. அடுக்களையில் உட்கார எதுவும் இல்லை.

"அந்தச் சோபாவுலதான். உன்ற உசரத்துலயே அலுப்பு ஒண்ணு அங்க கால் நீட்டிப் படுத்திருக்குதே, அதைக் கொஞ்சம் நகரச் சொல்லு."

"போயிருக்கறேன். உட்காரலாம்னு குனியற நேரம் பார்த்து நீ விசிலடிச்சுப்போடற."

குக்கருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் பூங்கொடி வேலைக்குப் போனதும், அடுக்களைச் சாமான்களை எல்லாம் கூப்பிட்டது.

"ஒரே ஒரு நாளாவது அந்தப் பொம்பளை உட்கார்ந்து, இன்னொரு கை வெச்ச சோத்தை ஆவி பறக்கச் சாப்பிடோணும். அதைப் பார்க்காம எனக்குக் கேஸ்கட் நிக்காது."

"ஆசை நல்லாத்தான் இருக்குது," என்றது கத்தி. அதற்கு எதையும் இரண்டாக வெட்டித்தான் பார்க்கத் தெரியும். "அந்த இன்னொரு கை எங்கிருந்து வரும்? சந்தையில விக்குதா?"

"ஏன், லோகநாதனுக்கு ரண்டு கை இருக்குதே?" என்றது அஞ்சறைப்பெட்டி.

"இருக்குது. ஒண்ணுல ரிமோட்டு, ஒண்ணுல டீ டம்ளர்."

சாமான்கள் கலகலவென்று சிரித்தன. குக்கர் சிரிக்கவில்லை.

"அவரைக் குத்தம் சொல்லாதீங்க. அவரும் பாவம், பட்டறையில வெந்துட்டு வர்றாரு. சமையல்னா சும்மாவா? வெங்காயம் உரிக்கோணும், பருப்பு களையோணும், மசால் அளவு பார்க்கோணும். அதைக் கண்டு மிரண்டுதான் அவரு இந்தப் பக்கம் வர்றதில்லை. வேலையை எளிசாக்கிட்டா ஆரு வேணா செய்யலாம். அப்ப அவரும் வந்துருவாரு."

"எளிசா இருந்தா வந்துருவாரா?" என்றது கத்தி. "குடிச்ச டம்ளரை எடுத்துட்டு வந்து தொட்டியில போடறதைவிட எளிசான வேலை எது? அந்த டம்ளர் எங்க கிடக்குதுன்னு எட்டிப் பாரு."

டம்ளர் சோபாவுக்கு அடியில் கிடந்தது. ஆனால் ஆசைப்படுகிறவர்களுக்குப் பதில் எதற்கு? அன்று மாலையே அது பூங்கொடியின் கைபேசியிடம் பேசியது.

"நீதான் எப்பவும் அவ கையில இருக்கிற. எளிசா, சத்தா, வீட்டுலயே வைக்கற மாதிரி ஒரு சாப்பாட்டை அவளுக்குக் காட்டு."

"பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கும்போது என்னைத்தான் பார்ப்பா. காட்டிப்போடலாம்," என்றது கைபேசி.

சொன்னபடியே காட்டியது. பூங்கொடிக்கும் அது பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை அரிசியையும் துவரம்பருப்பையும் கழுவி, துணியில் உலர்த்தி, வறுத்த மிளகும் சீரகமும் மஞ்சளும் சேர்த்து ஒரு டப்பாவில் நிரப்பினாள். சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து ஃபிரிட்ஜில் வைத்தாள். முருங்கைக்கீரையை ஆய்ந்து துணிப்பையில் சுருட்டினாள். ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் அவள் சற்றுத் தலை சாய்ப்பது வழக்கம். வார நாள்களின் வேலை எங்கும் போய்விடவில்லை. அந்த மத்தியானத்துக்குக் குடிவந்துவிட்டது. அதைக் குக்கர் கவனிக்கவில்லை.

அதன்பிறகு இரவுச் சாப்பாடு விளையாட்டுப்போல ஆனது. டப்பாவில் இருப்பதைக் குக்கரில் கொட்டி, வெங்காயமும் கீரையும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினால் தீர்ந்தது. மூன்றாவது விசிலில் மணக்க மணக்க அரிசிப்பருப்புச் சாதம். மேலே ஒரு கரண்டி நெய் விட்டால் தர்ஷனா தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"அட, நல்லா இருக்குதே!" என்றான் லோகநாதன். "இத்தனை எளிசா?"

"எளிசுதானுங்க. நீங்ககூட வைக்கலாம்," என்றாள் பூங்கொடி சிரித்துக்கொண்டே.

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" என்று குக்கர் மூடி குதித்தது.

லோகநாதனும் சிரித்தான். "இவ்வளவு எளிசுன்னா எனக்கும் மத்தியானத்துக்கு ஒரு டப்பா கட்டிரு பூங்கொடி. கடைச் சாப்பாடு வயித்துக்கே ஆக மாட்டேங்குது."

அடுத்த வாரம் அவனே இன்னொன்றும் சொன்னான். "உங்க கம்பெனியில ஓவர்டைம் கூப்பிடறாங்கன்னியே, பார்த்துட்டு வந்தாத்தான் என்ன? சமையல்தான் எளிசாயிருச்சே. புள்ள படிப்புக்கு ஆகும்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால் பூங்கொடிக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஓவர்டைம் பார்த்தாள். இப்போதெல்லாம் அவளுடைய அலுப்பு முன்னைவிட வளர்ந்துவிட்டது. அடுக்களை நிலைப்படியில் தலையைக் குனிந்துதான் உள்ளே வந்தது.

"என்ன இப்படி ஆயிட்ட?" என்று திகைத்தது குக்கர்.

"நீங்க எல்லாஞ் சேர்ந்து வேலையை எளிசாக்குனீங்க இல்ல? அதுல மிச்சமான நேரத்தைப் பூராவும் எனக்குத்தான் தீனியாப் போட்டுட்டாங்க."

"கொஞ்சம் பொறு. அவரு வந்துருவாரு."

கத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தது. அலுப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு மேடைமேல் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பிறகு ஒரு நாள், குக்கர் எதிர்பார்த்த நாள் வந்தது. கம்பெனியில் சரக்கு ஏற்ற வேண்டும், வர நேரமாகும் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. பூங்கொடி குக்கருக்குள் அரிசியும் பருப்பும் உப்பும் போட்டு வைத்தாள். வெங்காயத்தையும் கீரையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து ஃபிரிட்ஜில் முன்னால் வைத்தாள். தண்ணீரைக்கூட அளந்து சொம்பில் ஊற்றி, அடுப்புப் பக்கத்தில் மூடி வைத்தாள்.

"ஏனுங்க, எல்லாம் எடுத்து வெச்சிருக்கறனுங்க. கிண்ணத்துல இருக்கறதைப் போட்டு, சொம்புத் தண்ணியை ஊத்தி மூடிப் பத்த வெச்சாப் போதும். மூணு விசில்ல அணைச்சிருங்க."

"சரி சரி, நான் பார்த்துக்கறேன்," என்றான் லோகநாதன்.

அன்று பகல் முழுக்கக் குக்கர் சந்தோஷத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது.

மாலையில் லோகநாதன் வந்தான். அவனுடைய அலுப்பு வழக்கம்போலச் சோபாவைப் பிடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டது. "உட்காரு சாமி. வெந்துபோய் வந்திருக்கற." அது கூப்பிட்டதும் பாசத்தோடுதான். ஆனாலும் அவன் உட்காரவில்லை. நேரே அடுக்களைக்குள் வந்தான். சாமான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டன. அவன் குக்கரின் மூடியைத் திறந்து பார்த்தான். சொம்பைக் கையில் எடுத்தான்.

'ஊத்துங்க, ஊத்துங்க,' என்றது குக்கர் மனத்துக்குள்.

லோகநாதன் அண்ணாந்து, அந்தச் சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தான். வெறும் சொம்பை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

"அப்பா, பசிக்குது," என்றாள் தர்ஷனா.

"அம்மா எல்லாம் போட்டுத்தான் வெச்சிருக்கா கண்ணு. அஞ்சு நிமிஷ வேலை. வந்ததும் வெச்சிருவா. நீ அதுக்குள்ள பிஸ்கட் சாப்பிடு."

கத்தி சிரிக்கும் என்று குக்கர் எதிர்பார்த்தது. கத்தி சிரிக்கவில்லை.

பூங்கொடி வந்து குக்கரைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"ஏனுங்க, வைக்கலைங்களா?"

"எளிசான வேலைதானே பூங்கொடி, நீ வந்து வெச்சுக்குவேன்னு உட்டுட்டேன்," என்றான் அவன் கூடத்திலிருந்து.

அவள் வெறும் சொம்பைப் பார்த்தாள். மறுபடி தண்ணீர் பிடித்து அளந்து ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அங்கேயே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குக்கர் தன் ஆவியை எவ்வளவோ அடக்கிப் பார்த்தது. முடியவில்லை. விசில் வந்தது.

"பூங்கொடி! விசில் வந்துருச்சு பாரு!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

குக்கருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"வந்துருச்சுங்க," என்றாள் பூங்கொடி.

மறுநாளும் அவளுக்கு ஓவர்டைம். மறுநாளும் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். மாலை மங்கியதும் குக்கரின் பக்கத்தில் ஒரு கை வந்தது. குக்கர் நிமிர்ந்து லோகநாதனைத் தேடியது. கை கீழேயிருந்து வந்திருந்தது. தர்ஷனா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"அப்பா, நானே வைக்கட்டுமா?"

"பார்த்து வை கண்ணு. சூடு பட்டுக்காத."

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். மூடியைத் திருக வலுவில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். குக்கருக்குத் தன் ஆசை நினைவுக்கு வந்தது. 'வேண்டாம்,' என்றது. மனிதர்களுக்கு அது கேட்காது. அடுப்பு எரிந்தது. குக்கருக்குள் இருந்ததெல்லாம் கொதித்தது. தன்னிடம் இருந்த ஒரே குரலில், கூடத்தைப் பார்த்து, 'எந்திரிச்சு வாங்க! வந்து பாருங்க!' என்று அது அலறியது.

"தர்ஷனா! விசில் வந்துருச்சு பாரு!" என்றான் லோகநாதன்.

பூங்கொடி மாடிப்படி ஏறும்போதே அரிசிப்பருப்பு வாசம் வந்தது. 'இவரா வெச்சாரு?' நாளெல்லாம் நின்ற கால்கள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டின. கதவைத் திறந்தாள்.

"வா வா, உட்காரு!" என்று லோகநாதன் பெருமையாகச் சொன்னான். "என்ற புள்ள பொறுப்பைப் பாரு. அவளே வெச்சுட்டா. நாந்தான் சொன்னனே, எளிசு வேலைன்னு."

பூங்கொடி உட்கார்ந்தாள். அவள் முன்னால் தட்டு வந்தது. இன்னொரு கை வைத்த சோற்றில் ஆவி பறந்தது. குக்கர் கேட்டதெல்லாம் அப்படியே நடந்தது. அவள் ஒரு வாய் பிசைந்தாள். கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு மகளின் கைகளைப் பார்த்தாள்.

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லா இருக்குது கண்ணு."

சாப்பிட்டு முடித்ததும், யாரும் சொல்லாமலே, தர்ஷனா குக்கரைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். அவளோடு கூடவே இன்னொன்றும் வந்ததைச் சாமான்கள் எல்லாம் பார்த்தன. அணில்குஞ்சு அளவுதான் இருந்தது. இன்னும் கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி உள்ளே நுழைந்து, சுவரோரமாகக் குனிந்து நின்ற பெரிய அலுப்பை அண்ணாந்து பார்த்தது.

"நான் எங்க நிக்கோணும்?" என்று கேட்டது.